பாவாடை கட்டிய ஆடவர்

1843ஆம் ஆண்டிலே பிரெஞ்சுக் கவிஞர் ஜெரார் த நெர்வால் கெய்ரோ நகரிற் சில மாதங்கள் தங்கியிருந்தார். எகிப்திய நடனமாதரைப் பற்றி ஐரோப்பாவிற் கேட்டறிந்த கதைகள் அவர் உள்ளத்தை நிறைத்திருந்தன. ஒரு நாள் கோப்பிக் கடையொன்றிலே, மையெழுதிய கண்ணும் பின்னிய கூந்தலுமாக, கைத்தாளம் ஒலிக்க ஆடுவோரைக் கண்டு மெய்மறந்தார். அவ்வூர் வழக்கப்படி அவர்களுடைய நெற்றியிலே பொன் நாணயம் ஒட்டிப் பரிசளிக்கவும் ஆயத்தமானார். அவர்கள் அருகே வந்தபோதுதான், முகங்களிலே சில நாட்களாக மழிக்கப்படாத மயிர் அரும்பியிருப்பது தெரிந்தது. ஆடியவர்கள் ஆடவர்கள்! கவிஞரின் உற்சாகம் அத்துடன் தணிந்துவிட்டது. இந்நிகழ்ச்சியைத் தம் பயண நூலிலே அவரே நகைச்சுவையுடன் எழுதி வைத்திருக்கிறார்.

அங்கே ஏமாந்தவர் அந்த வெளிநாட்டவர் ஒருவரே என்பது கவனிக்கத்தக்கது. கெய்ரோ மக்களுக்கு அந்த ஆடலாளர் யாரென்பது நன்கு தெரியும். அவர்களைக் ‘கவல்’ என அழைத்தனர். திருமண வீட்டு முற்றத்திலும், குழந்தை பிறந்த வீட்டிலும், சுன்னத்துச் சடங்கின்போதும், பொது விழாக்களிலும் அவர்கள் ஆடினார்கள். இடையையும் வயிற்றையும் தாளத்துக்கு இசைய அசைத்தாடும் அதே ஆட்டந்தான். பிற்காலத்தில் ஐரோப்பியர் ‘வயிற்று நடனம்’ எனப் பெயரிட்டு உலகெங்கும் பரப்பிய ஆட்டம்.

கவல்களைப் பற்றி நிதானமாக எழுதியவர் எட்வேட் வில்லியம் லேன் என்ற ஆங்கிலேயர். கெய்ரோவிலே பல ஆண்டுகள் வாழ்ந்து, அரபு மொழி கற்று, உள்ளூர் உடையணிந்து பழகியவர் அவர். எகிப்தியரின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1836இல் வெளிவந்தது. கவல்கள் தலைமயிரை நீள வளர்த்துப் பின்னிக்கொள்வர். முகத்தில் முளைக்கும் மயிரைப் பிடுங்கிவிடுவர். கண்ணுக்கு மையும் கைக்கு மருதோன்றியும் இடுவர். ஆடாத வேளைகளிலே தெருவிற் செல்லும்போதும் பெண்களைப் போல முகத்திரை இடுவர் என்று அவர் கூறுகிறார். ஆனால் உடையைப் பற்றி அவர் சொல்வதுதான் முக்கியமானது. இறுக்கமான மேற்சட்டை, இடைக்கச்சை, ஒருவகைப் பாவாடை ஆகியவை சேர்ந்த அவ்வுடை பாதி ஆணுடையாகவும் பாதி பெண்ணுடையாகவும் இருந்தது. தம்மை உண்மையிற் பெண்கள் என எவரும் எண்ணிவிடக்கூடாது என்பதற்காகவே அவ்வாறு உடுத்தனர் போலும் என்பது லேனின் கருத்து. அவர்களுடைய தொழில் இயற்கைக்கு மாறானது என்றும் அவர் கூறத் தவறவில்லை. இக்கண்டனம் லேனுக்குரியது; அவர் தந்த விவரமோ வரலாற்றுக்குரியது.

ஆகவே அவ்வுடை பிறரை ஏமாற்றும் வேடம் அன்று, தொழிலின் அடையாளம். எமது நாட்டுக்கூத்திலே பெண் பாத்திரம் தாங்கிய ஆடவரைக் கண்டு பழகியவர்களுக்கு இது முற்றிலும் புதிதன்று. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கூத்தன் ஏற்ற பாத்திரம் பொழுது விடியக் கலைந்துவிடும். கவல் ஏற்றது கதைப்பாத்திரம் அன்று. பகலிலே தெருவிலும் அவன் கவலாகவே நடந்தான்.

1834ஆம் ஆண்டு எகிப்தின் ஆட்சியாளர் முகம்மது அலி, கெய்ரோவிலே பெண்கள் பொது இடங்களில் ஆடுவதைத் தடைசெய்தார். ‘கவாஸி’ எனப்பட்ட ஆடல்மகளிர் தெற்கே எஸ்னா முதலிய ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். ஆடவர் ஆடுவது இதனாலே தோன்றியது என்று சிலர் எழுதுவர், அது பிழை. கவல்கள் முன்னரே இருந்தவர்கள். தடையின் பின்னர் தலைநகரின் ஆடற்களம் பெரும்பாலும் அவர்கள் வசமாயிற்று. பெண்ணொழுக்கத்தைக் காப்பதாகக் கூறிய ஆணை, பெண்கோலம் பூண்ட ஆடவருக்கே வாழ்வளித்தது!

1850இல் கெய்ரோவிலே கவல்களின் ஆட்டத்தைக் கண்ட நாவலாசிரியர் பிளோபேர், தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர்களுடைய அகன்ற காற்சட்டையையும், பூவேலை செய்த குறுகிய மேற்சட்டையையும், பல மடிப்பாகச் சுற்றிய பெரிய காஷ்மீர்க் கச்சையையும் விவரிக்கிறார். உடல் முழுதும் அசைய, முகம் மாத்திரம் சலனமற்றிருந்தது அவரை வியக்கவைத்தது. அவ்வாடலாளருள் ஒருவருடைய பெயர் ஹசன் எல் பெல்பெய்சி. ஒரு வெளிநாட்டவர் கடிதம் எழுதியமையால் இந்த ஒரு பெயர் எஞ்சியது. கவல்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதிவைத்த ஏடு எதுவும் எமக்குக் கிடைக்கவில்லை. பார்த்தவர்களுடைய வியப்பும் அருவருப்பும் ஏட்டில் ஏறின. ஆடியவனுடைய உள்ளம் ஏறவில்லை.

துருக்கியிலே இவர்களுக்கு இணையானோர் ‘கோச்செக்’ எனப்பட்டனர். 1720இல் சுல்தான் மூன்றாம் அகமது தம் புதல்வர்களின் சுன்னத்து விழாவை இஸ்தான்புல்லிலே பல நாட்கள் கொண்டாடினார். அவ்விழாவை ஓவியர் லெவ்னி சிற்றோவியங்களாகத் தீட்டினார். விரிந்த நீண்ட பாவாடையுடன் சுல்தானின் முன்னிலையிலே ஆடும் இளைஞரை அவற்றிலே இன்றும் காணலாம். பொற்சரிகையிட்ட பட்டும் வெல்வெற்றும் அவர்களுடைய உடை. சுழன்றாடும்போது பாவாடை குடைபோல் விரியும். இவர்களிற் பெரும்பாலோர் கிரேக்கர், ஆர்மீனியர், யூதர், ரோமா மக்கள் ஆகிய சமூகங்களைச் சேர்ந்தவர்கள். ஆளும் சமூகத்தின் மக்கள் பார்த்து மகிழ்ந்தனர். ஆடும் வேலை பிறருக்கு விடப்பட்டது. சிறுவயதிலேயே இத்தொழிலுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் விருப்பத்தைக் கேட்டவர் எவருமிலர். அரண்மனைச் சரிகையின் பளபளப்பிலே இதை மறந்துவிடுதல் தகாது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சுல்தான் அப்துல்மெசித் காலத்திலே அவர்களுடைய ஆட்டம் தடைசெய்யப்பட்டது.

அந்நூற்றாண்டு முடிவதற்குள் எகிப்தின் கவல்களும் மங்கத் தொடங்கினர். ஐரோப்பியர் எதைக் கண்டு நகைத்தனரோ, அதைக் கண்டு நாட்டின் கற்றவர்களும் நாணத் தலைப்பட்டனர். இன்றைய எகிப்திய அரபுப் பேச்சிலே ‘கவல்’ என்பது ஓர் ஆடவனை இழிவுபடுத்தும் வசைச்சொல். திருமண வீட்டார் விரும்பி அழைத்த ஒருவனின் தொழிற்பெயர், தெருச்சண்டையிலே எறியும் கல்லாக மாறிவிட்டது.

இதற்கிடையில் ஆட்டம் முற்றாகப் பெண்களுக்குரியதெனக் கருதப்படலாயிற்று. 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியிலே ‘கெய்ரோத் தெரு’ என அமைக்கப்பட்ட பகுதி, இந்நடனத்தை அமெரிக்கருக்கு அறிமுகப்படுத்தியது. 1926இலே பதியா மசப்னி என்ற நடனமாது கெய்ரோவில் இசை நடன அரங்கொன்றைத் திறந்தார். மணிகள் கோத்த மார்க்கச்சும், தாழக் கட்டிய இடையணியும், மெல்லிய பாவாடையுமாக இன்று யாவரும் அறிந்த உடை, இத்தகைய அரங்குகளிலும் எகிப்தியத் திரைப்படங்களிலுமே நிலைபெற்றது. பண்டைய உடையெனப் பலர் கருதும் இது, உண்மையில் ஒரு நூற்றாண்டளவே பழையது. கவல்கள் இதை அணிந்ததுமில்லை, கண்டதுமில்லை.

ஆடவன் மீண்டும் எகிப்திய மேடைக்கு மதிப்புடன் வந்தது 1959இல். மஹ்மூத் ரெதா என்பவர் தம் சகோதரர் அலி ரெதாவுடனும், பரீதா பஹ்மியுடனும் சேர்ந்து நடனக் குழுவொன்றை நிறுவினார். அவர் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியிலே எகிப்தின் சார்பிற் பங்குபற்றிய உடற்பயிற்சி வீரர். ஹொலிவூட் நடனக் கலைஞரான ஜீன் கெலியின் படங்களிலே ஈடுபாடு கொண்டவர். சிற்றூர்களுக்குச் சென்று மக்களின் ஆட்டங்களை நேரிற் கண்டு, அவற்றை மேடைக்கு ஏற்றவாறு அமைத்தார். 1961இல் அக்குழு அரசின் குழுவாயிற்று.

அவருடைய ஆடவர்கள் கணுக்கால்வரை தொங்கும் கலாபியா அங்கியை அணிந்தனர், கையிலே கழியேந்தினர், துள்ளினர், பாய்ந்தனர். கழியாட்டத்துக்கு மூலம் மேல் எகிப்தின் ‘தஹ்தீப்’ என்னும் சிலம்பம் போன்ற வீரவிளையாட்டு. 2016இல் யுனெஸ்கோ அதனை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. இடையின் நெளிவு பெண்களுக்கு, கழியின் வீச்சு ஆண்களுக்கு என்ற பங்கீடு மேடையிலே வகுக்கப்பட்டது. ரெதா 2020இலே காலமானார். ஆடுவோர் குடும்பங்களிலே தலைகுனிவு கருதப்பட்ட காலத்தில், நற்குடும்பத்து இளைஞரும் மகளிரும் மேடையேற வழிசெய்த பெருமை அவருடையது. அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் அவர் காட்டிய ‘எகிப்திய ஆடவன்’ எகிப்தின் ஆடவருள் ஒரு பாதியே. மற்றப் பாதியான கவலுக்கு அம்மேடையிலே இடமிருக்கவில்லை. புதிதாய் விடுதலை பெற்ற நாடு உலகின் முன்னே நிறுத்த விரும்பியது கழியேந்திய ஆணையே.

துருக்கிக் குடியரசு நடந்துகொண்ட விதம் வேறு. இசைமேதை உல்வி ஜெமால் எர்கின் 1943இலே கோச்செக் ஆட்டங்களின் மெட்டுகளைக் கொண்டு, மேனாட்டுப் பல்லியத்துக்கென ‘கோச்செக்சே’ என்ற இசைக்கோவையை ஆக்கினார். அது இன்றும் அந்நாட்டின் பெரிய மண்டபங்களிலே முழங்குகிறது. இசை மண்டபம் ஏறியது, ஆடியவன் ஏறவில்லை.

அவன் கருங்கடலை அடுத்த கஸ்தமோனுப் பகுதியின் சிற்றூர்களிலே இருக்கிறான். அங்கே திருமண நாளன்று பெருமேளமும், நாகசுரத்தை ஒத்த சூர்ணாவும் முழங்க, கோச்செக்குகள் இன்றும் ஆடுகின்றனர். கண்ணுக்கு மையில்லை, நீண்ட கூந்தலில்லை. சிலருக்குத் தடித்த மீசையும் உண்டு. நாளாந்தம் உடுக்கும் காற்சட்டைக்கும் சட்டைக்கும் மேலே, பல நிறப் பாவாடையொன்றை இறுகக் கட்டி, விரல்களிலே தாளத்துடன் சுழலுகின்றனர். சுற்றி நிற்கும் உழவரும் முதியோரும் கைதட்டுகின்றனர். மாப்பிள்ளை வீட்டார் பணம் கொடுக்கின்றனர்.