கச்சான் காற்றும் வத்தைப் படகும்



ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் பணித்தபோது, நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டு நண்பர் சிலர் நகைத்தனர். வடகரப்பதியோ மலை மறைவில் அமைந்த வறண்ட நிலம். குடத்து நீருக்கும் காத்து நிற்கும் ஊர். இங்கிருந்துகொண்டு பாய்மரப் படகுப் பந்தயத்தைப் பற்றி எழுதுவானேன் என்பது அவர்கள் வினா. புகைவண்டி நிலையத்தில் பேரேடு எழுதிக் காலங்கழிக்கும் எழுத்தருக்குக் கடலோடு என்ன உறவு என்பது அவர்களுடைய இரண்டாவது வினா. இரண்டுக்கும் விடை உண்டு. பொறுமையோடு படித்தருள வேண்டுகிறோம்.

ஒரு காற்று, இரு கரை

நம் ஊருக்கு நீர் குறைவேயன்றிக் காற்று குறைவன்று. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்திற்கு வழிவிட்டு நிற்கிறது. ஆனி, ஆடித் திங்களில் தென்மேற்குப் பருவக்காற்று அவ்வழியே புகுந்து, கஞ்சிக்கோட்டிலும், அப்பால் பல்லடம், உடுமலைப் பகுதியிலும் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே பருவத்தில் கீழைக் கடற்கரையில் நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசும் காற்றைப் பரதவரும் பிற கடலோடிகளும் 'கச்சான்' என்பர். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது சோழகம். நமக்குக் கூரை ஓட்டைப் பெயர்க்கும் காற்று, அவர்களுக்குப் பாயை நிறைக்கும் காற்று. இது முதல் உறவு.

இரண்டாவது உறவு பெயரில் உள்ளது. தமிழகத்தில் தொண்டி என்னும் பெயருடைய துறைகள் இரண்டு இருந்தன. ஒன்று மேலைக் கடலில் சேரர் தொண்டி. யவன மாலுமிகள் அதனைத் 'திண்டிஸ்' என்று குறித்து வைத்தனர். மற்றொன்று கீழைக் கடலில், இன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், பாக்கு விரிகுடாவின் கரையில் உள்ள தொண்டி. தொண்டியோர் கலங்களில் இட்ட அகிலும் துகிலும் சந்தனமும் கருப்பூரமும் கொண்டற் காற்றோடு கரை சேர்ந்து கூடல் மாநகர் புகுந்த செய்தியைச் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை கூறுகிறது. கரிகாலனின் முன்னோர் காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்தினர் என்று புறநானூற்றில் பாடியவர் வெண்ணிக் குயத்தியார். மண் வனையும் குலத்துப் பெண்பாற் புலவர். காற்றின் வன்மையைக் கடலோடிகள் மட்டுமன்றி, கலம் வனையும் குடியினரும் அறிந்திருந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

விரிகுடாவின் இயல்பு

தெற்கே ஆதம் பாலமும் இராமேசுவரத் தீவும், கிழக்கே இலங்கையும், மேற்கே தமிழகக் கரையும் சூழ்ந்த கடற்பகுதியே பாக்கு விரிகுடா. 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராயிருந்த இராபர்ட் பாக் என்பார் பெயரால் அது வழங்குகிறது. ஆழம் குறைவு, பெரும்பகுதி சில பாகமே. ஆழமற்ற நீரில் காற்று மோதினால் அலை நெடிதாய் எழாமல், குறுகிக் குத்திட்டு எழும். ஆழ்கடற் கலம் அங்கே தரைதட்டும். அந்நீருக்கென்றே அமைந்த படகு வேண்டும்.

இக்கடலின் காற்றை இருப்புப்பாதையார் நன்கு அறிவர். 1914-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள் திறக்கப்பெற்ற பாம்பன் பழைய பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரை மிஞ்சினால் வண்டி செல்லலாகாது என்பது விதியாயிருந்தது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு எழுந்த புயலில், தனுஷ்கோடியை நெருங்கிய பயணி வண்டியைக் கடல் வாரிக்கொண்டது. உள்ளிருந்தோர் எவரும் பிழைத்திலர். 2025-ஆம் ஆண்டில் புதிய பாலம் திறக்கப்பெற்றது. எனினும் காற்றை அளந்தே வண்டியை விடுகின்றனர். ஆயிரம் டன் எடையுள்ள வண்டி அஞ்சி நிற்கும் காற்றின் முன், பலகைப் படகில் பாய்கட்டிச் செல்லும் மனிதர் எத்தகையர்!

வத்தை

தொண்டிக்கு வடக்கே கட்டுமாவடி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை வரையுள்ள கரையில் 'வத்தை' என்றொரு படகு வழங்கிற்று. சென்னை மாகாண மீன்துறைத் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதனையும் ஆராய்ந்தார். அடி தட்டையானது; பாய்மரம் ஒன்றுக்கு மேற்பட்டது. ஆயினும் அவர் கருத்தைக் கவர்ந்தது படகின் குறுக்கே கிடக்கும் ஒரு நீண்ட பலகையே.

அப்பலகையின் பயனை எளிதில் விளக்கலாம். பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது பாய் ஒருபுறம் சாயும். பாயோடு படகும் சாயும். சாய்ந்த படகு விரைவிழக்கும். மேலும் சாய்ந்தால் கவிழும். ஆதலின், காற்று வரும் பக்கத்தில் பலகையை நீட்டி, அதன் நுனியில் ஆட்கள் ஏறி அமர்வர். தராசின் ஒரு தட்டில் காற்று, மறு தட்டில் மனிதர். காற்று கூடினால் இன்னும் ஒருவர் நுனிக்கு நகர்வார். தணிந்தால் உள்ளே திரும்புவார். பசிபிக் தீவுகளில் படகின் பக்கத்தே மரத்தண்டு பிணைத்து மிதக்கவிடும் முறை உண்டு. நம்மவர் மரத்தண்டின் இடத்தில் மனிதனையே வைத்தனர்.

மரம் எங்கிருந்து வந்தது என்பதே நமக்கு நெருங்கிய செய்தி. ஒரே மரத்தைக் குடைந்து செய்த வள்ளங்கள் பல, மலையாளக் கரையிலிருந்து பாக்கு விரிகுடாக் கரைக்கும் இலங்கைக்கும் விலைக்குச் சென்றன. ஆஞ்சிலியும் தேக்கும் நம் மலைகளின் செல்வம். பறம்பிக்குளத்துத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்குவதற்கென்றே கொச்சி அரசு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சிறு இருப்புப்பாதை அமைத்தது. 1963-இல் அது மூடப்பட்டது. காற்றை மட்டுமன்றி மரத்தையும் நம் பக்கம் கீழைக் கடலுக்கு ஈந்தது என்று பெருமை கொள்ளலாம்.

நாம் கண்ட பந்தயம்

தொண்டி, நம்புதாளை, மோர்ப்பண்ணை முதலிய ஊர்களில் திருவிழாக்களை ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடைபெறுவது வழக்கம். விடுப்பெடுத்துக்கொண்டு ஒருமுறை அக்கரையில் நின்று கண்டோம். அண்டை மாவட்டங்களினின்றும் படகுகள் வந்திருந்தன. கொடி அசைந்ததும் ஆஞ்சான் கயிற்றை இழுத்துப் பாயை ஏற்றினர். கச்சான் பின்னின்று தள்ள, படகுகள் வரிசையாய்க் கடலுக்குள் ஓடின. இவ்வளவுதானா பந்தயம் என்று எண்ணினோம்.

அருகே நின்ற முதியவர் ஒருவர் நம் எண்ணத்தை உணர்ந்தார் போலும். "போறது பெருசில்ல தம்பி, வர்றதைப் பாருங்க" என்றார். 

எல்லையில் மிதவையைச் சுற்றித் திரும்பியபோதுதான் அவர் சொல்லின் பொருள் விளங்கிற்று. இப்பொழுது காற்று எதிரே. காற்றின் முகத்திற்கு நேராக எப்பாயும் ஓடாது. ஆதலின் வலப்புறம் சிறிது, இடப்புறம் சிறிது என்று கோணல் மாணலாய்க் கரை நோக்கி ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாயை மாற்ற வேண்டும். தாமான் கயிற்றை அவிழ்த்து மறுபுறம் கட்ட வேண்டும். எடைக்கு அமர்ந்தவர் ஓடி மறுபக்கம் ஏற வேண்டும். ஒரு நொடி பிந்தினால் படகு நின்றுவிடும். முன்னே சென்ற படகு அவ்வாறே நின்றது. பாய் படபடத்தது, ஆட்கள் ஒருவரையொருவர் கூவினர், அதற்குள் மூன்றாவதாய் வந்த படகு ஒரே நீட்டில் அதனைக் கடந்தது. வென்ற படகில் கூச்சலே இல்லை. சுக்கான் பிடித்தவர் தலையை அசைத்தார்; மற்றவர் நகர்ந்தனர். அவ்வளவே.

கேரளத்து வள்ளங்களி நாம் நன்கறிந்தது. 1952-இல் நேரு ஆலப்புழைக்கு வந்ததன் நினைவாய்ப் புன்னமடைக் காயலில் நடக்கும் போட்டியில் துடுப்பும் தோளும் பாட்டும் ஒன்றுபடும். அது வலிமையின் விழா. பாய்மரப் போட்டியோ கணிப்பின் விழா. இரண்டும் வேண்டுவனவே.

எழுதப்பட்ட வரலாறும் எழுதப்படாததும்

பாய்மரப் பந்தயத்தின் உலக வரலாற்றில், 1851 ஆகஸ்டு 22-ஆம் நாள் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி ஓடி வென்ற 'அமெரிக்கா' என்னும் மரக்கப்பல் புகழ்பெற்றது. அமெரிக்கா கோப்பை என்னும் பெயர் அதனால் வந்ததே. நம் சென்னையில் 1911-ஆம் ஆண்டு பாய்மரப் படகுக் கழகத்தைத் தோற்றுவித்தவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அவர் துறைமுகத் தலைவராவதற்கு முன் இருப்புப்பாதைப் பொறியாளர், நம் தொழிலினர். அவர் தலைமையில் இயங்கிய அலுவலகத்தில் 1912 மார்ச்சு முதல் நாள், மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் ஓர் எழுத்தர் சேர்ந்தார். கல்லூரித் தேர்வில் தோற்று, மெட்ரிகுலேஷன் தகுதியே கொண்டிருந்த அவ்வெழுத்தரே கணிதமேதை இராமானுசன். எழுத்தர்க்குக் கடலோடு என்ன உறவு என்று வினவிய நண்பர்க்கு இஃது நம் விடை.

கழகத்தின் வரலாறு ஏட்டில் உள்ளது. உறுப்பினர் பெயரும் வெற்றிப் பட்டியலும் உள்ளன. தொண்டிக் கரையில் தலைமுறை தலைமுறையாய் ஓடிய படகுகளின் பெயர்ப் பட்டியல் எங்கே? எழுதுவார் இல்லாமையால் அவை இல்லாமற் போயின என்று கருதுதல் பிழை.

எழுதப்பட்டதால் நிலைத்த ஒரு செய்தியும் உண்டு. நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ் மேத்திரிகள் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் இராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் சூயசு வழியே அட்லாண்டிக் கடந்து செலுத்தி, 1938 ஆகஸ்டு முதல் நாள் மாசச்சூசெட்சு மாநிலத்துக் குளோசெஸ்டர் துறையில் சேர்த்தனர். ஒரு வெளிநாட்டார் வாங்கியதால் அக்கப்பலின் பெயர் வெளிவந்தது. வாங்கப்படாத கலங்கள் எத்தனை!

இன்று

1950-களில் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய–நார்வேத் திட்டம் தொடங்கியது முதல், மீன்பிடித் தொழிலில் பொறி புகுந்தது. பின்னர்க் கண்ணாடியிழைப் படகுகள் வந்தன; 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அவை கரையெங்கும் பெருகின. இதனைக் குறை கூறுவார் உளர், நாம் கூறமாட்டோம். காற்று நின்றால் பட்டினி, காற்று மிகுந்தால் சாவு என்றிருந்த வாழ்வினின்று மனிதனைப் பொறி மீட்டது. நிலக்கரி வண்டி போய் மின்வண்டி வந்ததற்கு நாம் அழுதோமா? கரி தள்ளிய தோழர்கள் அழவில்லை.

பாய்மரக் கலையே மறைந்ததென்றும் சொல்லற்க. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணாக 2021-இல் தோக்கியோவில் களம் கண்டார். 2024-இல் பாரிசு ஒலிம்பிக்கிலும் பங்கேற்றார். ஆனால் அங்கே கலமும் வேறு, சொல்லும் வேறு. ஆஞ்சான், தாமான், கச்சான், சோழகம் என்னும் சொற்கள் அங்கே இல்லை. அவை உயிரோடிருப்பது ஆண்டுக்கொருமுறை நடக்கும் திருவிழாப் பந்தயத்திலேதான். தொழில் போனபின் சொல் தங்குவதற்கு விளையாட்டு ஒன்றே இடந்தருகிறது. அம்முதியவர் பந்தயம் முடிந்தபின் நம்மிடம் சொன்னதும் இதுவே: தம் பேரன் பொறிப்படகு ஓட்டுவான், பாய் மாற்றும் வேலையைக் கற்றது இப்பந்தயத்திற்காகவே.

நமக்கு இதனால் ஆவதென்?

சித்தூர் வட்டத்துத் தமிழராகிய நம் முன்னோர் கொச்சி அரசின் குடிகளாயிருந்தனர். 1956 நவம்பர் முதல் நாள் கேரள மாநிலத்தவராயினோம். மலையாளம் நமக்கு அயலன்று, உடன்பிறந்த மொழி. எனினும் வீட்டிலும் வயலிலும் வழங்கிய நம் தமிழ்ச் சொற்கள், அவற்றுக்குரிய தொழில் மறையுந்தோறும் மறைகின்றன. கமலை போயிற்று, கமலையின் உறுப்புகளுக்கு நம் பாட்டனார் வைத்த பெயர்களை இன்று எத்தனை பிள்ளைகள் அறிவர்? நம்மை நோக்கியே கேட்டுக்கொண்டோம்; நாமும் பாதிக்கு மேல் அறியோம். கடலோரத்து மக்கள் ஆண்டுக்கு ஒரு நாள் பாய் ஏற்றித் தம் சொற்களைக் காக்கின்றனர். நம் ஆண்டு விழாவும் அத்தகைய ஒரு நாளே அன்றோ?

ஆதலின் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். அடுத்த மலருக்குள், நம் ஊர்ப் பெரியோரிடம் சென்று, உழவுக்கும் நீர் இறைப்புக்கும் காற்றுக்கும் மழைக்கும் அவர் வழங்கும் சொற்களை இளைஞர் எழுதி வரட்டும். பேரேட்டில் பதியும் வேலையை நாம் ஏற்கிறோம். அது நமக்குப் பழகிய தொழில். காற்று எதிரே வீசுகிறதென்று படகோட்டி கரைக்குத் திரும்பாமல் இருப்பதில்லை. கோணலாய்ச் சென்றாலும் கரை நோக்கியே செல்கிறான். நாமும் அவ்வாறே செல்வோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!