அழைப்புப் பாடல்களும் அழைக்கப்பட்டோரும்: கிறித்தவக் கீர்த்தனை மரபில் ஒரு நோக்கு

முன்னுரை

கேட்போரை இறைவனிடம் வருமாறு விளிக்கும் பாடல்களும், அவ்வழைப்பை ஏற்பவரின் மறுமொழியாக அமையும் பாடல்களும் கிறித்தவ இசைமரபில் அழைப்புப் பாடல்கள் எனப்படும். துதிப்பாடல் இறைவனை நோக்கியது. அழைப்புப் பாடல் மனிதரைக் கருதியது. எனவே இவற்றை இயற்றியோர் யாவர் என்னும் வினாவுடன், இவற்றால் அழைக்கப்பட்டோர் யாவர் என்னும் வினாவும் எழுகின்றது. தமிழ்க் கீர்த்தனையை முதன்மையாகக் கொண்டு இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

மேலைநாட்டுத் தோற்றம்

இங்கிலாந்தில் ஜோசப் ஹார்ட் 1759இல் வெளியிட்ட தொகுதியில் பாவிகளை விளித்தழைக்கும் பாடல் இடம்பெற்றது. சார்லட் எலியட் 1835இல் இயற்றிய பாடல், அழைப்பை ஏற்பவரின் மறுமொழியாக அமைந்தது. அமெரிக்காவில் 1830களில் சார்லஸ் ஃபின்னி நடத்திய எழுப்புதல் கூட்டங்களில், மனமாற்றம் நாடுவோரை முன்வரிசையில் அமரச் செய்யும் வழக்கம் வலுப்பெற்றது. பின்னர், கூட்டத்தின் இறுதியில் பாடுவதற்கேற்ற பாடல்கள் பெருகின. ஃபேனி கிராஸ்பியின் (1820–1915) பாடல்கள் ஐரா சாங்கியின் தொகுப்புகள் வழியே பல நாடுகளை அடைந்தன. வில் தாம்சனின் புகழ்பெற்ற அழைப்புப் பாடல் 1880இல் வெளிவந்தது.

தமிழ்க் கீர்த்தனை

இதுகொண்டு தமிழ் அழைப்புப் பாடலை மேலை இறக்குமதி என்று கருதுதல் பொருந்தாது. அடியார்களை உடன்வர அழைக்கும் முறை பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டிலும் மாணிக்கவாசகரின் யாத்திரைப் பத்திலும் முன்னரே உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவர்வழி வந்தோரும் ஜெர்மானியப் பாடல்களைத் தமிழாக்கினர். அவை மேலை மெட்டிலேயே பாடப்பட்டன. சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்ற தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பைக் கிறித்தவப் பொருளுக்கு உரியதாக்கினார். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் பல்லவி மீள்வதால், அழைப்பு விளி திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. சரணங்கள் அவ்வழைப்புக்குக் காரணம் காட்டுகின்றன. அழைப்புப் பொருளுக்கு இவ்வமைப்பு இயல்பாகவே பொருந்துகிறது. மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்த எட்வர்டு வெப் 1853இல் வெளியிட்ட தொகுப்பு இக்கீர்த்தனைகளைத் திருச்சபை வழிபாட்டில் நிலைபெறச் செய்தது.

அழைப்பின் எல்லை

கீர்த்தனையின் அழைப்பு எல்லார்க்கும் பொதுவானது. ஆயின் சாஸ்திரியார், திருச்சபையில் சாதி வேறுபாட்டை அகற்ற முயன்ற புதிய மிஷனரிமாரை எதிர்த்து 1829இல் எழுதினார். வழிபாட்டில் தமிழ்க் கீர்த்தனைக்குத் தடை விதிக்கப்பட்டதையும் அவ்வெதிர்ப்பிலேயே அவர் சுட்டினார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் திருச்சபையில் சாதி வேறுபாடு கூடாதென ஆணையிட்டபோது தஞ்சையில் பூசல் முற்றியது. தமிழிசையின் உரிமைக்காக நின்றவரே சாதியின் உரிமைக்காகவும் நின்றார் என்பதை மறைத்தால் வரலாறு குறைவுபடும். அதுபற்றி அவர்தம் கீர்த்தனைகளைத் தள்ளிவிட்டாலும் அது குறைவுபடும்.

ஐதராபாத்துச் சான்று

தெலுங்கில் புருஷோத்தம சௌத்ரி (1803–1890) கிறித்தவக் கீர்த்தனைக்கு வழிவகுத்தார். சாஸ்திரியாருக்குப் பின் ஒரு தலைமுறையில் தோன்றிய இவர், அண்டை மொழியிலும் மண்சார்ந்த இசைவடிவமே வேரூன்றியதற்குச் சான்றாவார். பஞ்சாபில் பிறந்த பக்த் சிங் (1903–2000) 1941இல் சென்னையிலும், பின்னர் ஐதராபாத்து எப்ரோனிலும் திருச்சபைக் கூடுகைகளை நடத்தினார். பன்மொழியினரும் பல சாதியினரும் அங்குக் கூடிப் பாடினர். ஒரே பந்தியில் அன்பின் விருந்து உண்டனர். தஞ்சையில் திருவிருந்தை முன்னிட்டு எழுந்த வினாவுக்கு இப்பந்தி ஒரு விடையாக அமைந்தது எனலாம்.

முடிவுரை

மேலை எழுப்புதல் இயக்கம் அழைப்புப் பாடலுக்குக் கூட்ட முடிவு என்னும் இடத்தைத் தந்தது. அதன் குரலும் வடிவமும் தமிழ் மரபில் முன்னரே இருந்தன. பாடப்பட்ட இடமும் உண்ணப்பட்ட பந்தியும் சேர்த்து ஆராயப்படும்போதே இப்பாடல்களின் வரலாறு முழுமை பெறும். ஏனெனில் ‘வாருங்கள்’ என்னும் சொல்லின் பொருளை, வந்தவர்க்கு அளிக்கப்பட்ட இருக்கையே உறுதிசெய்கிறது.