கடல் தாண்டிய காகிதங்கள்

சென்ற வருஷம் என் பேரன் மேற்படிப்புக்காக அமெரிக்கா புறப்பட்டான். ஐ-20 படிவம், சீவிஸ் கட்டண ரசீது, டிஎஸ்-160 உறுதிச் சீட்டு, மதிப்பெண் பட்டியல்கள், வங்கிக் கடன் அனுமதிக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் அடுக்கி, "தாத்தா, ஒரு தடவை சரி பார்த்துடுங்கோ" என்று என்னிடம் நீட்டினான். முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்த கை அல்லவா! புரட்டிக்கொண்டே போனபோது, இந்தக் காகிதங்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சரித்திரம் இருப்பது நினைவுக்கு வந்தது. பல ஊர்களில் வசிக்கும் நம் அங்கத்தினர்களில் பேரன் பேத்தியை வெளிநாட்டுக்கு வழியனுப்பாதவர்கள் குறைவு. அதனால் இதை எழுதலாமென்று தோன்றியது.

கணிதமேதை ராமானுஜனிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1914 மார்ச் 17 அன்று அவர் சென்னைத் துறைமுகத்தில் 'நெவாசா' கப்பலில் ஏறினார். அப்போது முதல் உலகப் போர் தொடங்கவில்லை. பாஸ்போர்ட் கட்டாயமாகவும் இல்லை. அவருக்குத் தேவைப்பட்டவை இரண்டே அனுமதிகள். ஒன்று, கடல் கடக்கக் கூடாது என்ற ஆசாரத்தை மீறத் தாயாரின் சம்மதம். மற்றொன்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் உதவித் தொகை. கேம்பிரிட்ஜிலிருந்து வந்திருந்த நெவில் சிபாரிசு செய்ய, பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுன் ஒதுக்கியது. அதில் ஒரு பகுதியைக் கும்பகோணத்தில் இருந்த பெற்றோருக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டே ராமானுஜன் புறப்பட்டார். இத்தனைக்கும் அவரிடம் பட்டச் சான்றிதழ் கிடையாது. இருந்தும் கேம்பிரிட்ஜ் விதியைத் தளர்த்தி அவரைச் சேர்த்துக்கொண்டு, 1916-ல் ஆராய்ச்சிக்காகப் பட்டமும் தந்தது. இன்றைய நடைமுறையில் அவருடைய விண்ணப்பம் முதல் கட்டத்தையாவது தாண்டியிருக்குமா என்பது சந்தேகமே.

போர் உலகத்தை மாற்றியது. எங்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது. இந்தியாவில் 1920-ல் பாஸ்போர்ட் சட்டம் இயற்றப்பட்டது. பணவசதி இல்லாதவர்களுக்கு உதவித் தொகையே கதி. ஜாம்ஷெட்ஜி டாடா 1892-லேயே வெளிநாட்டுப் படிப்புக்கு ஒரு அறக்கட்டளை ஏற்படுத்தியிருந்தார். சென்னைப் பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர், 1930 ஜூலை 31 அன்று இந்திய அரசின் உதவித் தொகையுடன் பம்பாயில் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 19.

சுதந்திரத்துக்குப் பின் இருபது வருஷம் பாஸ்போர்ட் என்பது சர்க்கார் மனம் வைத்துக் கொடுக்கும் சலுகையாகவே இருந்தது. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதற்குச் சட்டமே கிடையாது. 1967 ஏப்ரல் 10 அன்று சத்வந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிநாடு செல்லும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் மூவர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு. அதன் பின்னரே, அதே வருஷம் ஜூன் மாதம், இன்றுள்ள பாஸ்போர்ட் சட்டம் வந்தது. நம் குழந்தைகள் இன்று உரிமையோடு பாஸ்போர்ட் கேட்க முடிகிறதென்றால் அந்த ஒரு ஓட்டு வித்தியாசமும் ஒரு காரணம்.

அடுத்த தடை அந்நியச் செலாவணி. 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டு, 4 ரூபாய் 76 பைசாவாக இருந்த டாலர் 7 ரூபாய் 50 பைசா ஆயிற்று. 3,000 டாலர் செலவுக்கு அதுவரை 14,280 ரூபாய் போதும். மறுநாள் 22,500 வேண்டும். பணம் இருந்தாலும் ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவை. 'பி' படிவம் இல்லாமல் விமான டிக்கெட் வாங்க இயலாது. கையில் எட்டு டாலரோடு நியூயார்க்கில் இறங்கிய கதையை அந்நாளில் போனவர்கள் இன்றும் சொல்வார்கள்.

எங்கள் தலைமுறையில் எஞ்சினியர்கள் அதிகம் போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் முதுநிலைப் படிப்புக்குப் பொதுவாகப் பதினாறு வருஷப் படிப்பை எதிர்பார்த்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. பதினொன்று, பி.யூ.சி. ஒன்று, பி.எஸ்ஸி. மூன்று, கூட்டினால் பதினைந்து. ஒன்று குறைகிறது! பி.இ. அப்போது ஐந்து வருஷம், ஆகவே பதினேழு. அந்தக் கூட்டல் கணக்கில் நின்றுபோனவர்களில் நானும் ஒருவன். 1971-ல் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு எழுதிப் போட்டேன். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு எழுதும்படி மரியாதையாகப் பதில் வந்தது. அப்பா ஓய்வு பெறும் சமயம், கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள். போட்டித் தேர்வு எழுதி சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்தேன்.

கெஸட்டட் அதிகாரி ஆனபின், போகிறவர்களின் நகல்களில் பச்சை மையில் கையெழுத்துப் போடுவது என் பங்காயிற்று. ஒரிஜினலைப் பார்க்காமல் போடுவதில்லை என்பது என் விதி. நாக்பூரில் ஒரு முறை நெருங்கிய நண்பர் ஒருவர் தம் பிள்ளையின் நகல்களோடு வந்தார். ஒரிஜினல்கள் கல்லூரியில் மாட்டிக்கொண்டிருந்தன. தபாலில் சேர்க்க மறுநாள் கடைசித் தேதி. நான் மறுத்துவிட்டேன். பையனுக்கு ஒரு பருவம் வீணாயிற்று. நண்பர் இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. விதி சரியானதே. ஆனால் அன்று விதிதான் பேசியதா, அல்லது போக முடியாமல் நின்றவனின் மனசும் கொஞ்சம் பேசியதா என்று இப்போதும் சில சமயம் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

பின்னர் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1973-ன் கடுமையான அந்நியச் செலாவணிச் சட்டம் போய், 2000 ஜூனில் ஃபெமா அமலாயிற்று. 2001-ல் இந்திய வங்கிகள் சங்கம் கல்விக் கடனுக்கு மாதிரித் திட்டம் வகுத்தது. 2004-ல் வருஷத்துக்கு 25,000 டாலர் அனுப்ப அனுமதித்த ரிசர்வ் வங்கி, இப்போது இரண்டரை லட்சம் டாலர் வரை அனுமதிக்கிறது. 2014-க்குப் பின் பெரும்பாலான இடங்களில் சுய சான்றொப்பமே போதும். என் பச்சைப் பேனாவுக்கும் ஓய்வு கிடைத்தது.

ஆனால் நமக்கென்றே ஒரு தொல்லை இன்னும் பாக்கி: இனிஷியல். சான்றிதழில் 'ஆர். கிருஷ்ணன்', பாஸ்போர்ட்டில் கிருஷ்ணன் மட்டும் என்றிருந்தால், அமெரிக்க விசாவில் கிருஷ்ணன் குடும்பப் பெயராகி, முதற்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'தெரியவில்லை' என்று பொருள்படும் எஃப்.என்.யு. ஏறிவிடும். பெற்றோர்கள் பள்ளிச் சான்றிதழ் நிலையிலேயே பெயரை முழுமையாக, எல்லாக் காகிதங்களிலும் ஒரே மாதிரி எழுதி வைப்பது நலம். ஒரு வாரத்துக்குக் கைமாற்று வாங்கி வங்கியில் இருப்புக் காட்டுவது, இல்லாத அனுபவத்துக்குச் சான்றிதழ் வாங்குவது போன்றவை வேண்டவே வேண்டாம். பொய்க் காகிதம் பத்து வருஷம் கழித்தும் வெளிவரும்.

ராமானுஜனிடம் திரும்புகிறேன். பாஸ்போர்ட் இல்லாமல் போனவர், போருக்குப் பின் 1919-ல் பாஸ்போர்ட்டோடு திரும்பினார். மறு வருஷம் மறைந்தார். 1936-ல் இந்தியா வந்த சந்திரசேகர், பேராசிரியர் ஹார்டி கேட்டுக்கொண்டதன்பேரில் ராமானுஜனின் படத்தைத் தேடி, ஜானகி அம்மாளைச் சந்தித்தார். அந்த அம்மாள் பத்திரமாக வைத்திருந்த பாஸ்போர்ட்டில் படம் இருந்தது. தபால் தலைகளிலும் புத்தகங்களிலும் நாம் பார்த்துப் பழகிய அந்த முகம் நமக்குக் கிடைத்தது, ஒரு பழைய காகிதத்தை அவர் தூக்கியெறியாமல் வைத்திருந்ததால்தான்.

பேரனின் ஃபைலில் பிழை எதுவும் இல்லை. மூடிக் கொடுக்கும்போது, "ஊருக்குப் போனப்புறமும் எதையும் கிழிச்சுப் போடாதே" என்று மட்டும் சொன்னேன். 1971-ல் எனக்கு வந்த அந்த பதில் கடிதமும் இன்னும் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.