"ஊசிக்கு நோய் கேட்கவில்லை" என்றால் எல்லாம் முடிந்ததா?



போன கிழமை ஹட்டன் பஸ் நிலையத்தில் என் பழைய மாணவன் ஒருவனின் தகப்பனாரைச் சந்தித்தேன். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். "ஹோர்மோன் ஊசிக்கு நோய் இப்ப கேக்குதில்லையாம் சேர். இனி மகரகமைக்குப் போய் என்ன செய்ய?" என்றார். அவருக்குச் சொன்ன வரலாற்றை இங்கும் எழுதுகிறேன்.

1941இல் சிக்காகோவில் சார்ள்ஸ் ஹக்கின்ஸ் என்ற வைத்தியர், இந்தப் புற்றுநோய் ஆண் ஹோர்மோனால் வளர்கிறது, அதைக் குறைத்தால் அடங்குகிறது என்று காட்டினார். 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அடங்கிய நோய் காலப்போக்கில் பலருக்குத் திரும்ப வந்தது. அதற்குப் பிறகு கொடுக்க நல்ல மருந்து நீண்ட காலம் இருக்கவில்லை.

அதனால் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பரிசோதித்தார்கள். 1996இல் மைட்டோசான்ட்ரோனும் பிரெட்னிசோனும் சேர்ந்த சிகிச்சைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வலி குறைந்தது, ஆயுள் கூடவில்லை.

2004இல்தான் திருப்பம். ஏறத்தாழ ஆயிரம் நோயாளர்கள் பங்கெடுத்த ஆய்வில், மூன்று கிழமைக்கொரு தடவை டொசிடாக்செலும் தினமும் பிரெட்னிசோனும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 18.9 மாதம். பழைய சிகிச்சையில் 16.5 மாதம். டொசிடாக்செல் ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் பொருளில் செய்யப்பட்டது. பட்டையை உரித்தால் மரம் சாகும், இலையை வெட்டினால் திரும்பத் துளிர்க்கும். கொழுந்து பறிக்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எஸ்ட்ராமஸ்டினையும் அதனோடு சேர்த்துப் பார்த்தார்கள். பக்கவிளைவுதான் கூடியது, கைவிட்டார்கள். சேர்ப்பதெல்லாம் நன்மை தராது.

2011இல் அபிராடெரோன் மாத்திரை வந்தது. ஊசிக்குக் கேட்காத நோயும் உடம்பில் மிஞ்சியிருக்கும் சொற்ப ஹோர்மோனைத் தேடித்தான் வளர்கிறது என்பது அதனால் உறுதியானது. அதனால்தான் நோய் கேட்காவிட்டாலும் வைத்தியர்கள் ஊசியை வழக்கமாக நிறுத்துவதில்லை. 2015இல் இன்னொரு படி: பரவிய நோய்க்கு ஆரம்பத்திலேயே ஹோர்மோன் சிகிச்சையோடு டொசிடாக்செலும் கொடுத்தபோது, 44 மாதம் 57.6 மாதமானது.

இவை நோயை அடியோடு நீக்கும் மருந்துகள் அல்ல. எல்லா உடம்புக்கும் ஒத்துவராது. ஆனால் "ஊசிக்குக் கேட்கவில்லை" என்றால் அடுத்த சிகிச்சையைப் பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். கிளினிக்கை விடும் நேரம் அல்ல.

அந்த ஐயா அடுத்த கிளினிக்குக்கு மகனோடு போகிறேன் என்றார். சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டும் வெட்கத்தில் வீட்டில் சொல்லாத வாப்பாமார், அப்பாமார் நம் லயங்களிலும் டவுனிலும் இருக்கிறார்கள். இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

நோயாளிகள் அனைவருக்கும் இறைவன் சுகத்தைத் தருவானாக.