ஆவாரா (1951)

ஆவாரா என்பது ராஜ் கபூர் தயாரித்து, இயக்கி, தாமே நாயகனாகவும் நடித்து 1951 டிசம்பரில் வெளிவந்த இந்தித் திரைப்படம். தற்செயல் சந்திப்பு, பிரிவு, இடிமழை, இசை ஆகியவற்றின் வழியே உள்ளக் கொதிப்பைப் புலப்படுத்தும் மிகையுணர்ச்சி நாடகப் படங்களுள், காதலையும் பழிவாங்குதலையும் இத்துணை இறுக்கமாகப் பிணைத்த படம் பம்பாயில் வேறு எழவில்லை எனலாம்.

இவ்வகைக் கதைகளை அக்காலப் பம்பாய்த் திரையுலகம் ஹாலிவுட்டிலிருந்தும் ஆங்கிலப் புதினங்களிலிருந்தும் விரும்பி எடுத்துக்கொண்டது. இழந்த காதலுக்காக இரு குடும்பங்களைப் பழிதீர்ப்பவனைப் பற்றிய 'வுதரிங் ஹைட்ஸ்' 1939இல் ஹாலிவுட்டில் படமானது. அப்புதினத்தைத் தழுவித் திலீப் குமார் நடித்த 'ஆர்ஸூ' 1950இல் வந்தது. ஆவாராவிலோ பழியின் இலக்கே வேறு. கே. ஏ. அப்பாஸும் வி. பி. சாத்தேயும் அமைத்த கதையில், திருடன் மகன் திருடனாகவே இருப்பான் என்று நம்பும் நீதிபதி ரகுநாத், குற்றமற்ற ஜக்காவைத் தண்டிக்கிறார். பின்னர் உண்மையிலேயே கொள்ளைக்காரனாகிவிடும் ஜக்கா, நீதிபதியின் மனைவியைக் கடத்திச் சென்று, அவள் கருவுற்றிருப்பது தெரிந்ததும் தீங்கு செய்யாமல் திருப்பியனுப்புகிறான். அவளோடு சந்தேகமும் வீடு வந்து சேர்கிறது. கணவனால் துரத்தப்பட்டவள் கொட்டும் மழையில் தெருவில் மகனைப் பெறுகையில், தெருப்பாடகர்கள் சீதை கைவிடப்பட்ட கதையைப் பாடுகின்றனர். வழக்கு அந்த இடத்தில் இராமாயணத்தின் முன்னே போய் நிற்கிறது. அம்மகனைத் திருடனாக வளர்த்து, நீதிபதியின் கொள்கையை அவர் குருதியைக் கொண்டே பொய்யாக்குவதுதான் ஜக்கா தீர்க்கும் பழி. பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் வழக்கம் வேரோடிய நாட்டில், படத்தின் பெருமைக்கு இதுவே முதற்காரணம்.

ரகுநாத்தாக ராஜ் கபூரின் தந்தை பிருத்விராஜ் கபூரும், ஜக்காவாகக் கே. என். சிங்கும் நடித்தனர். சிறுவயது நாயகனாகத் தம்பி சசி கபூர் தோன்றினார். நீதிபதியால் வளர்க்கப்பட்டு, நாயகனைக் காதலித்து, அவனுக்காக வாதாடும் வழக்கறிஞர் ரீட்டாவாக நடித்தவர் நர்கீஸ்.

'பர்சாத்' (1949) பெற்ற வெற்றியின் பலத்தில் ராஜ் கபூர் செம்பூரில் வளர்த்தெடுத்த ஆர்.கே. ஸ்டுடியோவில், படத்தின் புகழ்பெற்ற கனவுக் காட்சி உருவானது. எம். ஆர். ஆச்ரேக்கர் வடிவமைத்த அரங்கில், புகைமேகம் சூழ்ந்த படிக்கட்டுகளும் பேருருச் சிலைகளும் சொர்க்கத்தைக் காட்ட, தீப்பிழம்புகளுக்கிடையே நாயகன் நரகத்தில் தவிக்கிறான். ஏறத்தாழ ஒன்பது நிமிடம் ஓடும் இக்காட்சியைப் படமாக்க மூன்று மாதம் பிடித்தது. நடனத்தை அமைத்த சிம்கி, உதய் சங்கரின் குழுவில் ஆடிய பிரெஞ்சு நாட்டவர். 2017 செப்டம்பரில் நேர்ந்த தீவிபத்தில் ஸ்டுடியோவின் அரங்கொன்றும், அங்கிருந்த பழைய படங்களின் உடைகளும் எரிந்துபோயின. 2019இல் கோத்ரெஜ் பிராப்பர்ட்டீஸ் அந்நிலத்தை வாங்கியது.

1954இல் சோவியத் நாட்டில் திரையிடப்பட்ட ஆவாராவை அங்கு 6 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். துருக்கியில் 1964இல் 'அவாரே' என்ற பெயரில் இது மீண்டும் படமாக்கப்பட்டது. ராஜ் கபூர், நர்கீஸ் இணையின் அடுத்தடுத்த படங்களுள் 'ஆ' (1953) தமிழில் 'அவன்' எனக் குரல்மாற்றம் செய்யப்பட்டு, ஏ. எம். ராஜா, ஜிக்கி ஆகியோரின் குரலில் தமிழகத்தில் ஒலித்தது.