78 மார்க் அல்ல

போன தை மாதம் சோளக்காட்டிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் பி.காம். முடித்தவன். ஐ.ஐ.எம். சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதியிருந்தான். (இன்ஜினியர்கள் எழுதும் கேட் வேறு.)

"78 மார்க் எடுத்தும் எங்கேயும் கிடைக்காதாம் சார்" என்றார் அப்பா. ஒரு தனியார் கல்லூரி ஏஜென்ட் அப்படிச் சொல்லியிருக்கிறார். மிளகு வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அங்கே கட்டத் தயாராக இருந்தார்.

இந்த மாதிரித் தேர்வின் கதை பழையது. அமெரிக்காவில் 9 மேலாண்மைக் கல்லூரிகள் கூடிப் பேசியதில் 1954இல் ஒரு பொதுத் தேர்வு தொடங்கியது. அதற்கு ஜிமேட் என்ற பெயர் 1976இல்தான் வந்தது. இங்கே கல்கத்தா, அகமதாபாத் ஐ.ஐ.எம்.கள் 1961இல் தொடங்கின, பெங்களூர் 1973, நம் திருச்சிக்கு 2011. நான் பி.எஸ்சி. படித்த நாளில் இவற்றின் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

பையனின் தாளை வாங்கிப் பார்த்தேன். 78 என்பது மார்க் அல்ல, பெர்சன்டைல். சந்தைக்கு வந்த நூறு பலாப்பழத்தை எடை வாரியாக வரிசை வைத்தால், 78 பழம் இதற்குப் பின்னால் நிற்கும். பழம் எத்தனை கிலோ என்பதை அது சொல்லாது.

மொத்தத்தை மட்டும் பார்த்தும் பயனில்லை. ஆங்கிலம், தரவு விளக்கம், கணக்கு என்று மூன்று பகுதிக்கும் தனித்தனி வரம்பு உண்டு. இவனுக்கு ஆங்கிலம் இடித்தது. ஆனால் ஏஜென்ட் காட்டியது பொதுப் பிரிவின் வரம்பு. நம் மலையாளி மக்கள் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். மத்திய நிறுவனங்களில் பழங்குடியினருக்கு 7.5 சதவீத இடம், வரம்பும் குறைவு. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது.

"டான்செட் எழுதினாயா தம்பி?" என்றேன். "நுழைவுத் தேர்வைத்தான் எடுத்துட்டாங்களே சார்" என்றார் அப்பா. 2007இல் எடுத்தது பிளஸ் டூ முடித்துச் சேரும் இன்ஜினியரிங், மருத்துவப் படிப்புகளுக்கு. எம்.பி.ஏ.வுக்கு அண்ணா பல்கலைக்கழகம் டான்செட் நடத்திக்கொண்டுதான் இருக்கிறது.

முன்பணத்தை வியாபாரியிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். பழங்குடிப் பிரிவு வரம்பு எந்தெந்த ஐ.ஐ.எம்.மில் எவ்வளவு என்று பையன் செல்போனில் தேடி, என் பழைய டைரியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. டைரியையே எடுத்துக்கொண்டு ஓடினான்.