மூன்று டிபார்ட்மென்ட், ஒரே உண்ணி

"தொடை வலிக்குது, படி ஏற முடியலை, எப்பவும் அசதி." போன வருடம் அம்மா இப்படிச் சொன்னபோது வீட்டில் எழுந்த முதல் கேள்வி, யாரைப் பார்ப்பது என்பதுதான். எலும்பு டாக்டரைப் பார்த்தோம். நரம்பு டாக்டரைப் பார்த்தோம். அவரவர் பகுதியில் எல்லாம் நார்மல். ரிப்போர்ட் ஃபைல் மட்டும் தடித்துக்கொண்டே போனது. அந்த நாட்களில் ராத்திரி உட்கார்ந்து படித்ததுதான் லைம் நோயின் வரலாறு. அம்மாவுக்கு அந்த நோய் இல்லை. ஆனால் எங்கள் கேள்விக்கான பதில் அதில் இருந்தது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்று ஒரு சின்ன ஊர். காடு சூழ்ந்த இடம், மான்கள் அதிகம். அங்கே குடியிருந்த பாலி மர்ரே என்ற பெண்மணிக்கு 1960களிலிருந்தே விளங்காத தொல்லைகள்: தோலில் தடிப்பு, தலைவலி, மூட்டு வீக்கம், காய்ச்சல். பிறகு கணவருக்கும் பிள்ளைகளுக்கும் வந்தது. டாக்டர் மாற்றி டாக்டர் பார்த்தார். டெஸ்ட்டில் ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாம் மனசு சம்பந்தப்பட்டது என்றுகூடச் சொன்னார்கள். ஆனால் அவர் ஒரு காரியத்தை விடாமல் செய்தார். யாருக்கு, எப்போது, என்ன வந்தது என்று எழுதி வைத்தார். ஊரில் மற்றவர்களுக்கு வந்ததையும் அதில் சேர்த்துக்கொண்டார்.

1975இல் அவரும், அதே பகுதியில் இருந்த ஜூடித் மென்ஷ் என்ற இன்னொரு தாயும் மாநில சுகாதாரத் துறைக்குத் தகவல் சொன்னார்கள். விஷயம் யேல் பல்கலைக்கழகத்தில் ஆலன் ஸ்டீர் என்ற இளம் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அப்போது மூட்டுவாதத் துறையில் பயிற்சியில் இருந்தார். அதற்கு முன் பார்த்த வேலை, தொற்றுநோய்களைத் துப்பறிவது. அதனால் முட்டியோடு நிற்காமல், எந்தச் சாலை, எந்த மாதம் என்றும் பார்த்தார்.

1977இல் வந்த அவர்களுடைய கட்டுரையில் 51 நோயாளிகள். அதில் 39 பேர் குழந்தைகள். குறிப்பிட்ட நான்கு சாலைகளில் வசித்த குழந்தைகளில் பத்தில் ஒருவருக்கு நோய். கோடையிலும் அதை ஒட்டிய மாதங்களிலும் அதிகம். 13 பேருக்கு மூட்டு வலிக்கு முன்னால் தோலில் ஒரு சிவப்பு வட்டம் வந்து பரவியிருந்தது.

இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சிவப்பு வட்டம் ஐரோப்பியத் தோல் டாக்டர்களுக்குப் பழைய கதை! ஸ்வீடனில் அர்விட் அஃப்செலியஸ் 1909லேயே அதை உண்ணிக் கடியோடு சேர்த்துப் பேசிவிட்டார். 1922இல் பிரான்சில் கரான், புஜாடூ இருவரும் உண்ணிக் கடிக்குப் பின் வந்த நரம்புத் தொல்லையைப் பதிவு செய்தார்கள். 1950 வாக்கில் ஐரோப்பாவில் இதற்குப் பெனிசிலினே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் 1970இல் ருடால்ஃப் ஸ்கிரிமென்டி என்ற விஸ்கான்சின் தோல் டாக்டர் இதைப் பற்றி எழுதினார். பெனிசிலினில் குணமானதையும் சொன்னார். ஆனால் ஸ்டீர் குழு ஆரம்பத்தில் சந்தேகப்பட்டது வைரஸை.

தோல் ஒரு டிபார்ட்மென்டில், நரம்பு ஒன்றில், மூட்டு இன்னொன்றில். உண்ணி ஒன்றுதான்.

கடைசியில் கிருமியைக் கண்டவர் மருத்துவரே இல்லை. வில்லி பர்க்டார்ஃபர், பூச்சியியல் விஞ்ஞானி. 1981இல் நியூயார்க் பகுதி உண்ணிகளில் வேறொரு கிருமியைத் தேடியபோது சுருள் சுருளாக ஒன்று கண்ணில் பட்டது. இளவயதில் பாசல் நகரில் உண்ணியில் வாழும் சுருள் கிருமிகளைப் பற்றித்தான் அவர் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார். பார்த்ததும் பிடிபட்டுவிட்டது. 1982இல் அறிவித்தார். கிருமிக்கு இன்று அவர் பெயர்தான்.

அந்த டாக்டர்களை முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். அவரவர் ஜன்னலில் தெரிந்ததை அவரவர் பார்த்தார்கள். எங்கள் தொழிலிலும் இதே கதைதான். ஒரு பிழை வந்தால் ஒவ்வொரு டீமும் "எங்க மாட்யூல்ல இல்லை" என்று சொல்லும். எல்லோர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். அப்போது நாங்கள் திறப்பது லாக் ஃபைலை. எது முதலில், எது அடுத்து? பாலி மர்ரே வைத்திருந்தது அதுதான்.

இதைப் படித்த பிறகு அடுத்த ஸ்பெஷலிஸ்ட்டைத் தேடுவதை நிறுத்தினேன். அம்மா சமையலறை காலண்டரில் வலி வந்த நாட்களைச் சுழித்து வைத்திருந்தார். அதையும், எல்லா மாத்திரைகளும் எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்பதையும் ஒரே தாளில் எழுதி, தெருமுனையில் இருக்கும் பொது மருத்துவரிடம் கொடுத்தேன். அவர் ஃபைலைத் திறக்கவே இல்லை. தாளைப் பார்த்தார். "கொழுப்பு மாத்திரை ஆரம்பிச்சு மூணாவது வாரம்தானே வலி வந்திருக்கு?" என்றார். ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார், மாத்திரையை மாற்றினார். இரண்டு மாதத்தில் அம்மா மாடிக்குத் துணி காயப்போட ஏறினார். (இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.)

எந்த டிபார்ட்மென்ட் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. முழு ஆளையும் பார்க்கிற ஒரு டாக்டர் முதலில் போதும், அவர் கையில் தேதி போட்ட ஒரு தாளும்.